எட்டுப் பச்சைக் கட்டங்கள்

இளவரசியின் கருமாதிக்குச் செம்பியன் வெறுங்கையோடு வரவில்லை. பளபளப்பான தாளில் சுற்றிய ஒரு படத்தைக் கொண்டுவந்திருந்தார். என் மனைவி நாலு வருடம் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் அவருடையது. முப்பத்தெட்டு வயது. துக்க வீட்டுக்கும் வெள்ளை ஓட்டக் காலணி போட்டுக்கொண்டு, கையில் வெந்நீர்க் குடுவையோடு வந்தார்.

"பிரிச்சுப் பாருங்க சார்," என்றார்.

பிரித்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் மேலே என் மனைவியின் பெயர், அதற்குக் கீழே அவள் இறந்த தேதி. நடுவில் வரிசையாக எட்டுப் பச்சைக் கட்டங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு நேரம்.

"மேடமோட கடைசி நாள். எட்டுக்கு எட்டு ஓய்வு எடுத்திருக்காங்க. எங்க ஆபீஸ்ல இந்த ஒழுங்கு வேற யாருக்கும் கிடையாது சார். பாத்துட்டு நான் அழுதுட்டேன்."

அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். நடிக்கிற ஆளாக இருந்திருந்தால் பின்னால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்த என் சின்ன மாமியார் அது என்னவென்று கேட்கவில்லை. இளவரசி பெயர் இருக்கிறது, சட்டம் போட்டிருக்கிறது, அது போதும் அவருக்கு. அவள் புகைப்படத்துக்குப் பக்கத்திலேயே அதைச் சாத்திவைத்து, கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்து, மிச்சமிருந்த அரை முழம் சாமந்தியை அதற்கும் போட்டுவிட்டார். வந்தவர்கள் இரண்டையும் கும்பிட்டார்கள்.

போகும்போது செம்பியன் ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்தார். நிறுவனத்தின் புதிய மென்பொருளைப் பல ஊர் ஆஸ்பத்திரிகள் வாங்கப் பார்க்கின்றன. அவர்களிடம் இந்தப் படத்தையும் இளவரசியின் பெயரையும் காட்டுவதற்கு என் சம்மதம் வேண்டும்.

"'இளவரசி மாடல்'னே பேரு வைக்கப் போறோம் சார். ஒரு கையெழுத்துதான். அவசரமில்ல. நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு போடுங்க."

இளவரசியின் தம்பி பழனிவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருக்கிறான். "அக்கா பேரு ஊர் ஊரா போவும் மாமா. போட்டுக் குடுத்துடுங்க," என்றான். போடத்தான் இருந்தேன்.

அந்த மென்பொருளுக்கு 'எழு' என்று பெயர். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி நடக்கவைப்பது அதன் வேலை. செம்பியனிடம் இப்படிப்பட்ட யோசனைகள் நிறைய உண்டு. பெங்களூரில் பத்து வருடம் உட்கார்ந்து இடுப்பு போய், ஊர் திரும்பி, அண்ணாமலை நகரில் பழைய மாணவர் லாட்ஜ் ஒன்றைப் பிடித்து அலுவலகமாக்கினார். ஆறு மணிக்கு மெயின் ஸ்விட்சை அவரே அணைத்துவிடுவார். வீட்டுக்குப் போனவர்களை அலுவலக விஷயமாகப் போனில் கூப்பிடக் கூடாது. மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். செவ்வாய்க்கிழமை கூட்டத்தைச் சிதம்பரம் தேர் வீதி நாலையும் சுற்றி நடந்துகொண்டேதான் நடத்துவார். "நாற்காலிதான் நம்ம எதிரி" என்று லாட்ஜ் சுவரில் எழுதிவைத்திருந்தார்.

இதெல்லாம் நல்ல காரியங்கள்தான். வீட்டில் நாங்கள் இருவரும் அவரைப் பாராட்டிப் பேசியிருக்கிறோம். இளவரசி கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். ஆறு மணிக்கு ஸ்விட்ச் அணைவதால்தான் எட்டு மணிக்குள் அவளை வீட்டில் பார்க்க முடிந்தது. நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு முதலாளி கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்பாள்.

அவளுடைய வேலை திரையை வடிவமைப்பது. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், என்ன சொல் எழுத வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவு. நான் மஞ்சக்குப்பத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் கட்டிப் பிழை திருத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, காரியப் பத்திரிகை. சாப்பிடும்போது எழுத்தின் அளவைப் பற்றியும் வரிக்கு வரி விடவேண்டிய இடத்தைப் பற்றியும் சண்டை போடுவோம். வெயிலில் நின்று படிக்க முடியாத எழுத்து எழுத்தே இல்லை என்பது அவள் கட்சி. தான் செய்த திரையைப் போனில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்களிடம் நீட்டி, எங்கே விரல் வைக்கத் தோன்றுகிறது என்று கேட்பாள்.

'எழு' இப்படி வேலை செய்தது. ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரை இருண்டுவிடும். நடுவில் ஒரு கேள்வி வரும்: "எழுந்து நடந்தீர்களா?" கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். 'ஆம்' என்று அழுத்தினால் திரை உடனே திரும்பிவிடும், பெயருக்கு ஒரு பச்சைக் கட்டம் விழும். 'இல்லை' என்றால் இன்னும் ஐந்து நிமிடம் இருட்டு, ஒரு சிவப்புக் கட்டம்.

இளவரசி ஆரம்பத்திலேயே இதை எதிர்த்தாள். அந்தப் பேச்சை அன்று சாயங்காலமே என்னிடம் சொன்னாள்.

"கேள்வியே வேணாம் சார்," என்றிருக்கிறாள். "சும்மா அஞ்சு நிமிஷம் இருட்டாக்கி விட்டுருங்க. இருட்டுத் திரைய பாத்துக்கிட்டு யாரு உக்காந்திருப்பாங்க? தானா எழுந்து போவாங்க. கேள்வி கேட்டீங்கன்னா பொய்தான் வரும்."

"கேள்வி இல்லன்னா பதில் இல்ல மேடம். பதில் இல்லன்னா வாங்க வர்றவங்களுக்கு எதக் காட்டுறது?"

"அவுங்களுக்குக் காட்டவா சார் செய்யிறோம்?"

செம்பியன் சிரித்திருக்கிறார். "நம்ம ஆளுங்க பொய் சொல்ல மாட்டாங்க. நான் நம்புறேன்."

நம்பியதோடு விடவில்லை. குழுவில் அத்தனை பேருக்கும் வாரம் முழுக்கப் பச்சை விழுந்தால் வெள்ளிக்கிழமை அரை நாள் விடுமுறை என்றும் அறிவித்தார். அங்கேதான் அந்தப் பழக்கம் வந்தது. ஒருவர் போன் பேச வெளியே போயிருப்பார். மேசையில் அவர் திரை இருண்டுவிடும். பக்கத்தில் இருப்பவர் எட்டி 'ஆம்' அழுத்திவிடுவார். அது உதவி. எச்சில் டம்ளரைக் கழுவி வைத்துவிடுவது போல. அழுத்தாமல் விட்டால், "உன்னால வெள்ளிக்கிழமை போச்சு" என்று ஆளாளுக்கு முறைப்பார்கள். ஓய்வெடுக்க நேரம் வேண்டும் என்பதற்காக ஓய்வெடுத்ததாகப் பொய் சொன்னார்கள்.

நானும் அழுத்தியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். காபி கொண்டுபோய் வைத்தேன். அவள் கையில் பென்சில். திரை இருண்டது. "அத அழுத்துங்க," என்றாள், தலை நிமிராமல். அழுத்தினேன்.

இறப்பதற்குப் பத்து நாள் முன்பு இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். வீங்கியும் இருந்தது. பஸ்ஸில் இடுக்கி உட்கார்ந்து வருவதால் என்று நினைத்தோம். மூன்று நாள் தைலம் போட்டு நீவிவிட்டேன். அவள் இறந்த அன்று சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், காலில் இரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம், நீவினால் கட்டி நகர்ந்துவிடும் என்று விளக்கிவிட்டு, "ரொம்ப நேரம் உக்காந்தே வேலையா? கால யாராவது நீவினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். முதல் கேள்விக்கா இரண்டாவது கேள்விக்கா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த 'இல்லை' என் வாயில் இன்னும் கசக்கிறது. இதை எழுதும்போது என்னை நல்லவனாக வைத்துக்கொண்டு எழுதக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்று காலை பதினொன்று பத்துக்கு இருக்கையிலிருந்து சரிந்து விழுந்தாள். பக்கத்து மேசை கயல்விழிதான் எனக்குப் போன் செய்தது. இளவரசியை அக்கா என்பாள், அதனால் நான் மாமா. "மாமா, அக்கா விழுந்துட்டாங்க, மூச்சு வாங்குது, ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, ஓடியாங்க." பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது அடுத்த போன் வந்தது. பகல் பன்னிரண்டு ஐந்துக்கு உயிர் போனது என்றார்கள்.

அந்த நேரத்தை நானே எழுத்துக் கோத்து, நானே திருத்தி, காரியப் பத்திரிகையில் அச்சடித்தேன்.

கருமாதி முடிந்து மூன்றாம் நாள், காய்ந்த சாமந்தியை எடுத்துப் போடப்போனேன். சந்தனம் உதிர்ந்து கண்ணாடியில் பொடியாக ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தேன். துடைத்தால் படிப்பேன், அது தொழில் புத்தி. எந்தப் பத்திரிகையானாலும் முதலில் நேரத்தைத்தான் பார்ப்பேன். பெயரில் ஓர் எழுத்து போனால் சிரிப்பார்கள். முகூர்த்தம் தவறினால் அடிக்க வருவார்கள்.

9.50. 10.45. 11.40. 12.35. பிறகு 2.50. 3.45. 4.40. 5.35.

எட்டும் பச்சை.

பதினொன்று நாற்பதுக்கு அவள் ஆம்புலன்ஸில் இருந்தாள். மூன்றே முக்காலுக்கு அவள் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு நாற்பதுக்கு வண்டியில் அவள் தலைமாட்டில் நான் உட்கார்ந்து வந்தேன். ஐந்து முப்பத்தைந்துக்கு என் மனைவி எழுந்து நடந்ததாக அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. இதைத்தான் கும்பிட்டார்கள். இதற்குத்தான் குங்குமம் வைத்தோம்.

படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தேன்.

பழனிவேலைப் போனில் கூப்பிட்டு ஒவ்வொரு நேரமாக வாசித்தேன். "கடுதாசில கையெழுத்து போட்டுட்டீங்களா மாமா?" என்றான்.

"இல்ல மச்சான்."

"போடாதீங்க."

மறுநாள் சிதம்பரம் போனேன். மதிய நேரம் லாட்ஜ் வாசலில் கயல்விழியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் மாமா."

"ஆறையுமா?"

"அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க வர்றவங்களுக்குக் காட்டணும். எல்லா ஃபைலும் அக்கா சிஸ்டத்துலதான் இருந்துச்சு. 'மேடம் இருந்திருந்தா முடிச்சுட்டுத்தான் போயிருப்பாங்க, அவுங்களுக்காக முடிங்க'ன்னு சார் சொன்னாரு. அக்கா எடத்துலயே உக்காந்தேன். அழுதுகிட்டே செஞ்சேன். இருட்டாவும், அழுத்துவேன். இருட்டாவும், அழுத்துவேன். அக்கா பேருல விழுதுன்னு தோணவே இல்ல மாமா. கை பழகிப் போச்சு."

"விழுறதுக்கு முன்னாடி ரெண்டு இருக்குதே. அது?"

"பத்தே முக்கால்லதும் நான் அழுத்துனதுதான். ஒம்பது அம்பதுக்கு அக்கா எழுந்திரிச்சாங்க. கால் மரத்துப் போச்சுன்னு ஜன்னல் வரைக்கும் போய்ட்டு வந்தாங்க. அது ஒண்ணு நெசம்."

அவள்மேல் கோபப்பட முயன்றேன். முடியவில்லை. அரை நாள் விடுமுறைக்காகப் பழகிய விரல் அது. என் விரலும் அதில் ஒன்று.

அன்று செவ்வாய்க்கிழமை. செம்பியன் என்னைக் கீழ வீதிக்கு வரச்சொன்னார். உட்கார்ந்து பேசினால் முடிவு தப்பாக வரும் என்றார். வெயிலில் நடந்தோம். அவர் கையை வீசி நடந்தார். நான் மஞ்சள் பையில் படத்தைச் சுமந்து நடந்தேன். தெற்கு வீதி முனையில் நிறுத்தி, படத்தை எடுத்து, ஆறு கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். பன்னிரண்டு ஐந்து என்று சொன்னேன்.

அவர் முகம் வெளிறியது. அந்த ஒரு நொடி, இவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். எழுதினார்.

"நல்ல கவனிப்பு சார். எங்க டெஸ்டிங்ல யாருக்குமே இது கண்ணுல படல. ரொம்ப தேங்க்ஸ்."

"என் பெண்டாட்டி செத்த பிறகு நடந்ததா இதுல இருக்கு."

"அதத்தான் சார் சொல்றேன். இது பெரிய ஓட்டை. கட்டாயம் அடைச்சுடுவோம்."

"அவ கேள்வியே வேணாம்னு சொன்னா. அத எடுத்துடுங்க. அதுக்கு அவ பேர வைங்க, இப்பவே கையெழுத்து போடுறேன்."

"அத எடுத்தா புராடக்ட்டே இல்லையே சார்." குடுவையைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார். "வாங்க, நிக்க வேணாம், ஒடம்பு சூடு ஆறிடும்."

சம்மதக் கடிதத்தை அவர் கண் முன்னால் இரண்டாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் மேல வீதிப் பக்கம் நடந்து போனார். அதற்கும் தலையாட்டி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் அச்சகத்துக்கே அழைப்பிதழ் வந்தது. கடலூரில் ஒரு மண்டபத்தில் 'எழு' அறிமுக விழா. நான்தான் திருத்தினேன். இளவரசி பெயர் எங்கும் இல்லை. மூன்று முறை படித்தேன். இல்லை. அழைப்பிதழில் இல்லாதது மேடையில் இருக்காது என்று சொல்ல முடியாது. அதனால் போனேன்.

மண்டபத்தில் நூறு பேர் இருக்கும். டாக்டர்கள், ஆஸ்பத்திரி நிர்வாகிகள், பின்வரிசையில் சீருடையோடு பத்துப் பன்னிரண்டு நர்சுகள். முன்னால் ஓரமாக நிறுவனத்து ஆட்கள், கயல்விழியும் இருந்தாள். செம்பியன் நாற்காலி மனிதனை எப்படி அரிக்கிறது என்று அரைமணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

பிறகு திரையில் அந்தப் படம் வந்தது. பெயர் இருந்த இடத்தைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். தேதி இல்லை. எட்டுக் கட்டங்களும் அப்படியே.

"இவுங்க எங்க சகோதரி ஒருத்தவங்க. குடும்பத்தோட விருப்பத்துக்காகப் பேர சொல்லல. ஒரு நாள்ல எட்டுக்கு எட்டு."

எழுந்தேன். மைக் எதுவும் இல்லை. இருக்கிற குரலில் சொன்னேன்.

"அவ பேரு இளவரசி. என் பெண்டாட்டி. இது அவ செத்த நாளு. பகல் பன்னெண்டு அஞ்சுக்கு உயிரு போச்சு. அதுக்கப்புறம் அஞ்சு பச்சை இருக்குது, பாருங்க."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், உதடு அசைய நேரங்களைப் படித்தார்கள். செம்பியன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் சிரிப்பு போய்த் திரும்பி வந்தது.

"சார் சொல்றது முழுக்க உண்மை," என்றார். "இந்தக் குறைய மொதல்ல கண்டுபிடிச்சதே சார்தான். ஒருத்தருக்காக இன்னொருத்தர் அழுத்த முடியுது. அதுக்குத்தான் இந்தப் புது வெர்ஷன்ல கேமரா வச்சிருக்கோம். எழுந்து நின்னு முகத்தக் காட்டுனாத்தான் பச்சை விழும். சாருக்கு ஒரு பெரிய கைதட்டு குடுங்க."

கொடுத்தார்கள். முன்வரிசையில் ஒரு வயதான டாக்டர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தபடி தட்டினார். அந்தச் சத்தம் வியர்வை போல உடம்பெல்லாம் ஒட்டியது. என் வாயால் அவள் சாவைச் சொன்னேன், அது அவருக்கு விளம்பரமாகிவிட்டது. உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றேன்.

கைதட்டல் அடங்கும்போது கயல்விழி எழுந்தாள்.

"நான்தான் அழுத்துனேன்," என்றாள். "கேமரா இருந்திருந்தாலும் பச்சை விழுந்திருக்கும் சார். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அக்காவ ரெண்டு பேரா தூக்கி நிறுத்தி முகத்தக் காட்டியிருப்போம். அந்த வாரம் வெள்ளிக்கிழமை எல்லாரும் ஊருக்குப் போறதா இருந்துச்சு."

யாரும் தட்டவில்லை.

"கயல், ப்ளீஸ், உக்காரும்மா," என்றார் செம்பியன்.

பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸம்மாவின் குரல் வந்தது, வார்டில் அதட்டுகிற குரல். "அந்தப் படத்த மொதல்ல எடுங்கய்யா. செத்தவள வச்சுக்கிட்டு என்னா காட்டுறீங்க?"

"எடுங்க, எடுங்க," என்று இன்னும் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். கணினியில் இருந்த பையன் பதறி எதையோ தட்டினான். படம் போகாமல் பெரிதானது. கட்டங்கள் மட்டும் சுவர் முழுக்கப் பச்சையாக நின்றன. கடைசியில் ஒயரைப் பிடுங்கினான்.

கயல்விழி தன் பையை எடுத்துக்கொண்டு என் வரிசைக்கு வந்தாள். "போலாம் மாமா," என்றாள். செம்பியன் மேடையில் நோட்டைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.